ரத்த தானப் பட்டியலில் ஒரே ஆளுக்கு மூன்று பதிவு: டூப்ளிகேட்களைக் கண்டுபிடித்து இணைக்க முழுமையான வழிகாட்டி

ஒரு ரத்த தான அமைப்பின் எக்ஸெல் கோப்பில் 10,000 வரிசை இருந்தால் 10,000 கொடையாளர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. கல்லூரி முகாமில் பெயர் எழுதிக்கொடுத்தவர் அடுத்த ஆண்டு கூகுள் ஃபார்மையும் நிரப்பியிருப்பார். அப்புறம் ஊரில் நடந்த முகாமில் ஒரு தன்னார்வலர் அவர் பெயரை நோட்டில் எழுதியிருப்பார், வேறொருவர் அதைக் கணினியில் ஏற்றியிருப்பார். மூன்று இடத்திலும் பெயர் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். ஒரு இடத்தில் பழைய போன் நம்பர் இருக்கும்.

இதனால் என்ன கெடுகிறது? இந்தியாவில் முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாள், பெண் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்த தேதி ஒரு பதிவில் இருந்து, அதே ஆளின் இன்னொரு பதிவில் அந்த இடம் காலியாக இருந்தால், கொடுத்து 40 நாள்கூட ஆகாதவரை அவசரம் என்று அழைத்துவிடுவோம். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தவரை ரத்த வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். ஓ நெகட்டிவ் மாதிரி அரிதான வகைக்கு ஆள் தேடும்போது இப்படிப் போகிற ஒரு மணி நேரம் பெரிய இழப்பு.

தப்பாக இணைப்பது இதைவிட மோசம். கணவர் மனைவி இருவரும் ஒரே போன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். மென்பொருள் இரண்டையும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டால், ஒருவர் பட்டியலிலிருந்தே காணாமல் போகிறார். மிஞ்சிய பதிவில் ஒருவரின் பெயரும் மற்றவரின் ரத்த வகையும் நிற்கும். ரத்த வங்கி எப்படியும் பரிசோதித்துவிட்டுத்தான் ஏற்றும் என்பதால் நோயாளிக்கு ஆபத்து வராது. ஆனால் அழைக்க வேண்டியவரை அழைக்காமல் விட்டிருப்போம்.

இந்த இரண்டு தவறும் ஒரே எடை கொண்டவை அல்ல. இன்று கண்ணில் படாத டூப்ளிகேட்டை அடுத்த மாதம்கூட இணைக்கலாம். தப்பாக இணைத்ததைப் பிரிப்பது, அதற்கென்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்காவிட்டால், கிட்டத்தட்ட முடியாத காரியம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்தே சொல்வது. ரத்த தானப் பட்டியலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனை, கடை, பழைய மாணவர் சங்கம் என்று எந்தப் பட்டியலுக்கும் வழி இதுதான்.

படி 1: மூலத்தைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள்

எல்லாக் கோப்புகளையும் ஒரு தனி ஃபோல்டரில் நகல் எடுத்து, அதில் யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் மாறாத ஒரு எண் கொடுங்கள். எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அந்தக் கோப்பில் எத்தனையாவது வரிசை, எந்தத் தேதியில் பதிவானது என்ற மூன்றும் கூடவே வர வேண்டும். பின்னால் சண்டை வரும்போது எது புதியது, எது நம்பத்தக்கது என்று சொல்லப்போவது இந்த மூன்றும்தான்.

எக்ஸெலில் இருக்கும் "ரிமூவ் டூப்ளிகேட்ஸ்" பொத்தானை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் வரிசைகளை மட்டும் பார்க்கும், முதலில் வருவதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். பெயரையும் நம்பரையும் மட்டும் டிக் செய்து அழுத்தினால், இரண்டாவது வரிசையில் இருந்த ரத்தம் கொடுத்த தேதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இன்னொன்று, போன் நம்பர். முன்னால் 91 சேர்ந்த 12 இலக்க எண்ணை எக்ஸெல் சும்மா திறந்தால் 9.19E+11 மாதிரி அடுக்குக்குறி எண்ணாக மாற்றிக் காட்டும். அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். அதனால் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று குறித்துவிடுங்கள்.

படி 2: "ஒன்று" என்பது எது என்று முடிவு செய்யுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே குழு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. வீட்டுக்கு ஒரு காலண்டர் அனுப்பும் பட்டியலில் கணவனும் மனைவியும் ஒரே பதிவாக இருந்தால்தான் சரி. ரத்த தானப் பட்டியலில் ஒரு உடலுக்கு ஒரு பதிவு. இதை ஒரு வரியில் எழுதி எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால், சரிபார்க்கும் இருவர் ஒரே ஜோடியைப் பார்த்து இரண்டு விதமாக முடிவெடுப்பார்கள். யார் செய்தது தப்பு என்றும் சொல்ல முடியாது.

படி 3: ஒப்பிடுவதற்கு ஏற்றபடி சுத்தம் செய்யுங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இந்தப் படிதான், பலன் அதிகம் தருவதும் இதுதான். ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: மூல நெடுவரிசையில் எதையும் மாற்றாமல், பக்கத்தில் புதிய நெடுவரிசை போட்டு அதில் சுத்தம் செய்த வடிவத்தை வையுங்கள்.

முதலில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்களைத் தீர்த்துவிடுங்கள். "கொ" என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் என்று இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இதை யூனிகோட் நார்மலைசேஷன் சரிசெய்துவிடும், பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி வேலை. ஆனால் அது சரிசெய்யாதவையும் உண்டு. "சௌந்தர்" என்பதில் சௌ எழுத்தின் பின்பாதிக் குறிக்குப் பதிலாக ள எழுத்தையே அடித்திருப்பார்கள். பார்வைக்கு அச்சு அசல் அதேதான், நார்மலைசேஷன் அதைத் தொடாது. ஸ்ரீ என்பதையும் இரண்டு விதமாக அடிக்கலாம், ஸ கொண்டும் ஶ கொண்டும். தமிழ் எண்களில் ஒன்றுக்குரிய ௧ பார்க்க க மாதிரியே இருக்கும். இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயர்களில் அகலமே இல்லாத இடைவெளிக் குறிகள் ஒளிந்திருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று விதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்த கோப்பு ஏதாவது இருந்தால் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

அடுத்தது இனிஷியல். வெளிநாட்டில் எழுதப்பட்ட கருவிகள் பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு பெட்டிகளை எதிர்பார்க்கும். நம் பெயர்கள் அதில் அடங்காது. இனிஷியலைப் பெயரிலிருந்து பிரித்துத் தனி நெடுவரிசையில் போடுங்கள். அது முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய தந்தை பெயராகவும் இருக்கலாம். அப்பா கோவிந்தன் என்றால் மகன் ஒரு இடத்தில் "கோ. ராமன்", இன்னொரு இடத்தில் "ஜி. ராமன்". "எஸ்." என்று இருந்தால் அது ச, சா, சி, சு, செ, ஸ்ரீ, ஷ என எதுவாகவும் இருக்கலாம். தமிழில் "டி." என்று எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு ஆங்கில எழுத்துகள் இருக்கலாம், தந்தை தங்கராஜாகவும் இருக்கலாம் தேவராஜாகவும் இருக்கலாம். இதற்கு ஒரு சின்ன அட்டவணை போட்டு, இனிஷியல் ஒப்பீட்டுக்கு மூன்று விடைகள் வையுங்கள்: ஒத்துப்போகிறது, ஒத்துப்போகக்கூடும், மோதுகிறது.

ரத்த வகைக்கு வருவோம். "ஓ பாசிட்டிவ்", "ஓ +", "ஓ பாஸ்" என்று பல வடிவங்கள் இருக்கும். ஓ எழுத்துக்குப் பதிலாகச் சுழியத்தை அடித்தவர்களும் இருப்பார்கள். தமிழ்நாட்டில் "ஏ ஒன் பாசிட்டிவ்" என்று உட்பிரிவோடு சொல்வது சகஜம். ஒப்பிடும் நெடுவரிசையில் அதை ஏ பாசிட்டிவ் ஆக்குங்கள், மூலத்தில் ஏ ஒன் அப்படியே இருக்கட்டும்.

பிறந்த தேதிக்குப் பதில் "வயது 34" என்று மட்டும் இருந்தால், முகாம் நடந்த ஆண்டிலிருந்து கழித்துப் பிறந்த ஆண்டை ஓராண்டு முன்பின்னாக வையுங்கள். 05/07/1990, 07/05/1990 என்று நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் அதைப் பாதி ஒற்றுமையாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் சேர்ப்பதற்காகப் போட்ட மே, ஜூன் மாதத் தேதிகளும் ஜனவரி 1 என்ற தேதியும் மூத்தவர்களிடம் நிறைய இருக்கும், அந்தத் தேதிகள் ஒத்துப்போவதை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

ஊர்ப் பெயருக்கு மாற்றுப்பெயர் அட்டவணை வேண்டும்: கோவை, கோயம்புத்தூர், நெல்லை, திருநெல்வேலி, குடந்தை, கும்பகோணம். மாவட்டத்தை ஒப்பிடவே வேண்டாம் என்பது என் கருத்து. 2019ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை தனி மாவட்டங்களாயின, அடுத்த ஆண்டு மயிலாடுதுறையும் பிரிந்தது. வீடு மாறாமலே மாவட்டம் மாறியவர்கள் ஏராளம். ஆறு இலக்க பின்கோடு அதைவிட உறுதியானது.

படி 4: எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிடாதீர்கள்

10,000 பதிவுகளை ஒவ்வொன்றாக மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 4,99,95,000 ஜோடிகள் வரும். அதில் பெரும்பாலானவை ஒப்பிடவே தேவையில்லாதவை. அதனால் ஏதாவது ஒரு சாவி, அதாவது பின்கோடு மாதிரி ஒரு விவரம், ஒத்துப்போகும் பதிவுகளை மட்டும் ஒரு குழுவாக்கி, குழுவுக்குள் ஒப்பிடுவது வழக்கம். இதற்கு பிளாக்கிங் என்று பெயர். அதே 10,000 பதிவுகள் 50 பின்கோடுகளில் சமமாகப் பரவியிருந்தால் ஜோடிகள் 9,95,000 ஆகக் குறைந்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு சாவியை நம்பினால், அந்தச் சாவி தப்பாகப் பதிவான ஆள் எப்போதும் மாட்டமாட்டார். வீடு மாறியவர் பின்கோடு குழுவில் வரமாட்டார். அதனால் மூன்று நான்கு சாவிகளைத் தனித்தனியாக ஓட்டி, கிடைத்த ஜோடிகளை ஒன்றுசேர்க்க வேண்டும். இந்தப் பட்டியலுக்கு நான் பரிந்துரைப்பவை: போன் நம்பரின் கடைசி ஆறு இலக்கம், பிறந்த ஆண்டும் பெயர்ச்சாவியும், பின்கோடும் பெயர்ச்சாவியின் முதல் இரண்டு எழுத்தும்.

பெயர்ச்சாவி என்றால் என்ன? ஒலியில் ஒத்த பெயர்களுக்கு, எழுதிய விதம் மாறினாலும், ஒரே குறி தருவதுதான். உலகமெங்கும் புழங்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 1918ல் காப்புரிமை வாங்கினார். ஆங்கில உச்சரிப்புக்காகச் செய்யப்பட்ட அது, பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை எண்களாக்குகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் ஒரு செல்வம் எஸ் எழுத்தில் தொடங்குவார், யாழ்ப்பாணத்து செல்வம் சி எழுத்தில் தொடங்கக்கூடும். சவுண்டெக்ஸ் இவர்களை இரண்டு தனித்தனி குழுக்களில் போட்டுவிடும். தமிழ் எழுத்தில் இருக்கும் பெயருக்கோ அது பயனே இல்லை. அதனால் நாமே ஒன்று செய்துகொள்வது நல்லது. விதிகள் இவை:

- முதலில் ஸ்வ என்பதை ச ஆக்கு, க்ஷ என்பதை ட்ச ஆக்கு.
- ர, ல எழுத்துகளுக்கு முன்னால் சொல்லின் தொடக்கத்தில் வரும் இ, உ இரண்டையும் நீக்கு.
- ஜ, ஸ, ஷ, ஶ எல்லாம் ச; ல, ள, ழ எல்லாம் ல; ர, ற இரண்டும் ர; ந, ன, ண மூன்றும் ன.
- உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கிவிட்டு, அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாக்கு.

இதைப் போட்டுப் பார்த்தால் முத்துசாமி, முத்துச்சாமி, முத்துஸ்வாமி மூன்றுக்கும் "மதசம" என்ற ஒரே சாவி வருகிறது. லட்சுமி, இலட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி நான்கும் "லடசம" ஆகின்றன. ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களையும் இதே மெய்யெழுத்துச் சாவிக்குக் கொண்டுவரலாம், கே, ஜி இரண்டும் க என்பது மாதிரி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் போதும்.

செல்வி, செல்வா இரண்டுக்கும் "சலவ" என்ற ஒரே சாவிதான் வரும் என்பதையும் கவனியுங்கள். இந்தச் சாவி ஒப்பிடுவதற்கு ஆள் கூட்டுவதற்கு மட்டும். சாவி ஒன்று என்பதற்காக யாரையும் இணைத்துவிடக் கூடாது.

படி 5: ஜோடிக்கு மதிப்பெண் போடுங்கள்

எந்தப் புலம், அதாவது பெயர், நம்பர், பாலினம் மாதிரி எந்த நெடுவரிசை, ஒத்துப்போனால் எவ்வளவு நம்பலாம்? இதற்கான கணக்கை 1969ல் இவான் ஃபெலகி, ஆலன் சன்டர் என்ற இருவர் எழுதினார்கள், இருவரும் கனடா அரசின் புள்ளியியல் துறையில் இருந்தவர்கள். இன்றைய கருவிகளில் பல இன்னமும் அதைத்தான் ஓட்டுகின்றன. யோசனை எளிது. ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். உண்மையிலேயே ஒரே ஆளாக இருந்தால் இது ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? வெவ்வேறு ஆளாக இருந்தும் தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 2ஐ அடியாக வைத்து அதன் மடக்கையை (லாகரிதம்) எடுத்தால் அதுதான் அந்தப் புலத்தின் மதிப்பெண்.

பாலினத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆளாக இருந்தால் 98 சதவீதம் ஒத்துப்போகும், வேறு ஆளாக இருந்தாலும் 50 சதவீதம் ஒத்துப்போகும் என்று வைத்தால், ஒத்துப்போவதற்கு மதிப்பெண் ஏறக்குறைய 1. ஒத்துப்போகாவிட்டால் மைனஸ் 4.6. போன் நம்பர் ஒரே ஆளுக்கு 80 சதவீதம் ஒத்துப்போகும், வேறு ஆளுக்கு ஆயிரத்தில் ஒன்று என்றால், ஒத்துப்போனால் 9.6, இல்லாவிட்டால் மைனஸ் 2.3 மட்டுமே. பாலினம் ஒன்று என்பது எதையும் நிரூபிக்காது, வேறு என்றால் கிட்டத்தட்டக் கதை முடிந்தது. போன் நம்பர் அதற்கு நேர்மாறு. மனிதர்கள் நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பதால், வேறு நம்பர் என்பது பெரிய எதிர்ச்சாட்சி அல்ல. ஒவ்வொரு புலத்துக்கும் இத்தனை பெர்சென்ட் என்று ஒரே எடை வைக்கும் கருவிகளில் இந்த வேறுபாடு தொலைந்துவிடும். மென்பொருள் வாங்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, ஒத்துப்போகாததற்குத் தனி மதிப்பெண் வைக்க முடியுமா என்பதுதான்.

அரிதானது ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு அதிகம். ஓ பாசிட்டிவ் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கும், இருவருக்கும் அது என்பதால் ஒன்றும் தெரியவராது. ஏபி நெகட்டிவ் ஒத்துப்போனால் நிமிர்ந்து உட்காரலாம். பெயரிலும் அப்படித்தான். இருவரும் குமார் என்பதும், இருவரும் ஆளவந்தார் என்பதும் ஒன்றாகாது.

பெயரை ஒப்பிடும் முறையில் ஒரு எச்சரிக்கை. பல கருவிகளில் ஜாரோ–விங்க்ளர் என்ற முறை தயாராக இருக்கும். அது பெயரின் தொடக்கம் ஒத்துப்போனால் கூடுதல் மதிப்பெண் தரும். நம் பெயர்களில் ஆளைப் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் கடைசிப் பகுதி: முத்துசாமி, முத்துலட்சுமி, முத்துக்குமார், செல்வன், செல்வி. அந்த முறை இவர்களையெல்லாம் நெருங்கியவர்களாகக் காட்டிவிடும். எத்தனை எழுத்து மாற்றினால் ஒன்று மற்றொன்றாகும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் முறையைச் சுத்தம் செய்த தமிழ்ப் பெயரில் போடுவது மேல். அதிலும் ரவி, கவி இரண்டுக்கும் இடையே ஒரே எழுத்துதான் என்பதால், சின்னப் பெயர்களுக்கு முழு ஒற்றுமையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 6: மூன்று கூடை, நடுக்கூடைக்கு மனிதர்

எல்லா ஜோடிகளையும் மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் படித்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் முதல் தப்பான ஜோடி தென்படுகிறதோ, அதற்கு நன்றாக மேலே தானாக இணைக்கும் வரம்பை வையுங்கள். எந்த இடத்துக்குக் கீழே சரியான ஜோடியே இல்லையோ, அங்கே தானாக நிராகரிக்கும் வரம்பு. நடுவில் இருப்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். ஒரு 200 ஜோடியை இருவர் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் குறிக்கட்டும். அவர்கள் மாறுபடும் ஜோடிகளை மேசையில் வைத்துப் பேசினால், விட்டுப்போன விதிகள் எல்லாம் அங்கே வெளிவரும்.

நடுக்கூடையில் வரும் ஒரு வகையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். கந்தசாமியின் மகன் முத்துசாமி. அவர் தன் மகனுக்கு அப்பா பெயரான கந்தசாமியை வைக்கிறார். அந்தக் கந்தசாமி தன் மகனுக்கு முத்துசாமி என்று வைக்கிறார். இப்போது தாத்தாவும் "க. முத்துசாமி", பேரனும் "க. முத்துசாமி". ஒரே வீடு, ஒரே பின்கோடு, வீட்டில் ஒரே போன் நம்பரைத்தான் எல்லாப் படிவத்திலும் எழுதுவார்கள். பாலினமும் ஒன்று. ரத்த வகையும் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாத்தாவுக்கு 63, பேரனுக்கு 19 என்றால் இருவருமே ரத்தம் கொடுக்கும் வயதில் இருக்கிறார்கள். ஒரு கோப்பில் பிறந்த தேதி இல்லாவிட்டால் எந்தக் கருவியும் இந்த ஜோடிக்கு மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்து இணைத்துவிடும். அதனால் என் பட்டியலில் ஒரு கடுமையான விதி உண்டு: இரண்டில் ஒரு பதிவிலாவது பிறந்த ஆண்டும் வயதும் இல்லாவிட்டால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தானாக இணைக்கக் கூடாது.

பெண்கள் விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல், ஊரும் மாறியிருக்கும், நம்பரும் மாறியிருக்கும். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை மூன்றும் ஒத்துப்போய் இனிஷியல் மட்டும் மோதினால் நிராகரிக்காமல் நடுக்கூடைக்கு அனுப்புங்கள். ஆணுக்கு இனிஷியல் மோதல் பெரிய எதிர்ச்சாட்சி, பெண்ணுக்குச் சிறியது என்று எடையையே மாற்றி வைப்பது இன்னும் நல்லது. இதைச் செய்யாத பட்டியல்களில் பெண் கொடையாளர்களின் டூப்ளிகேட்கள்தான் அதிகம் தேங்கிக் கிடக்கும்.

இரட்டையர்கள் வந்தால் பிறந்த தேதி, முகவரி, நம்பர் எல்லாம் ஒத்துப்போகும், பெயர் மட்டும் ராஜேஷ், ரமேஷ் என்று இருக்கும். அதற்குத்தான் பெயர் நன்றாக ஒத்துப்போகாத ஜோடியைத் தானாக இணைக்கக் கூடாது என்பது. நம்பர் ஒத்துப்போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கைவிட்ட மொபைல் நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பல ஆண்டு இடைவெளியில் பதிவான இரண்டு வரிசைகளுக்கு நம்பர் மட்டும் சாட்சி என்றால் அது போதாது.

சந்தேகம் தீராவிட்டால் போன் செய்துவிடுங்கள். செய்யும்போது நம்மிடம் இருக்கும் விவரத்தை நாம் வாசிக்கக் கூடாது. "வணக்கம் சார், உங்க பிறந்த வருஷம் சொல்ல முடியுமா? கடைசியா எங்க ரத்தம் கொடுத்தீங்க?" என்று கேட்டு அவர் வாயால் வரவிட வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் வேறு ஆளாக இருந்தால், ஒருவரின் ரத்த வகையையும் முகவரியையும் அந்நியருக்குச் சொன்னதாகிவிடும்.

முடிவெடுத்த பிறகு, "இவர்கள் வேறு வேறு ஆள்" என்று தீர்மானித்த ஜோடிகளையும் தனிப் பட்டியலில் சேமியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஓட்டும்போது அதே தாத்தாவும் பேரனும் மறுபடி வந்து நிற்பார்கள், பார்ப்பவர் வேறொருவர் என்றால் இணைத்தும் விடுவார்.

படி 7: சங்கிலியைச் சரிபாருங்கள்

முதல் பதிவும் இரண்டாவதும் ஒரே ஆள், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஆள் என்றால், முதலும் மூன்றாவதும் ஒரே ஆள் என்று கருவி எடுத்துக்கொள்ளும். நடுப்பதிவு அரைகுறையாக இருந்தால், அதாவது பெயரும் நம்பரும் மட்டும் இருந்தால், ஒரு குடும்பமே அதன் வழியாக ஒரு ஆளாகச் சேர்ந்துவிடும். நான்குக்கு மேல் பதிவு உள்ள ஒவ்வொரு குழுவையும் கண்ணால் பாருங்கள். குழுவுக்குள் இரண்டு பாலினமோ, மூன்றாண்டுக்கு மேல் விலகிய பிறந்த ஆண்டோ, இரண்டு ரத்த வகையோ இருந்தால் அதைத் தானாக நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

படி 8: இணைப்பது புலம் புலமாக

இணைப்பது என்றால் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தூக்கிப்போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு புலத்துக்கும் தனி விதி வேண்டும்.

பெயருக்கு, முழுமையாக எழுதப்பட்டதை எடுங்கள். மற்ற வடிவங்களை "வேறு பெயர்" என்று கூடவே வையுங்கள், அடுத்த முறை தேடும்போது உதவும். போன் நம்பருக்கு, கடைசியாகப் பேசி உறுதிசெய்தது முதல் நம்பர், பழையவை தேதியோடு கீழே. பிறந்த தேதிக்கு, ஆவணத்தைப் பார்த்து எழுதியது நோட்டில் கேட்டு எழுதியதை வெல்லும். ரத்தம் கொடுத்த தேதிகளில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள், எல்லாத் தேதிகளையும் ஒன்றுசேருங்கள். ஒரே முகாம் ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றாக்குங்கள். அழைக்கலாமா என்ற சம்மதத்தில், ஒரு பதிவில் "வேண்டாம்" என்று இருந்தாலும் வேண்டாம்தான்.

ரத்த வகைக்குத் தனிக் கவனம் வேண்டும். இரண்டு பதிவில் இரண்டு வகை இருந்தால், பெரும்பான்மையையோ புதியதையோ எடுக்கவே கூடாது. முதலில் இவர்கள் ஒரே ஆள்தானா என்று மறுபடி கேளுங்கள், இந்த மோதலே அவர்கள் வேறு வேறு ஆள் என்பதற்கு வலுவான அறிகுறி. ஒரே ஆள் என்று உறுதியானால், ரத்த வங்கியில் பரிசோதித்த அட்டையிலிருந்து எழுதியதை மட்டும் ஏற்கலாம். அப்படி எதுவும் இல்லையா? இடத்தைக் காலியாக விட்டு "சரிபார்க்க வேண்டும்" என்று குறியுங்கள். காலி இடத்தை யாராவது விசாரித்து நிரப்புவார்கள். தப்பான வகை நிரம்பியிருந்தால் அதை யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

படி 9: பிரிக்கவும் வழி வையுங்கள்

மூலப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். முதன்மைப் பதிவு புதிதாக ஒன்று உருவாகட்டும், பழையவை அதைச் சுட்டிக்காட்டட்டும். அதற்கு ஒரு இணைப்பு அட்டவணை போதும்: பழைய எண், முதன்மை எண், எந்த விதியால் இணைந்தது, மதிப்பெண், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதி. பிரிக்க வேண்டி வந்தால் அந்த வரியை நீக்கிவிட்டு முதன்மைப் பதிவை மீண்டும் கணக்கிட்டால் சரியாகிவிடும். வாங்கப்போகும் மென்பொருளில் விற்பனையாளர் இணைப்பதைத்தான் காட்டுவார். இணைத்ததைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், அதிலும் இணைத்த பிறகு ஒரு நம்பரைத் திருத்திவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கருவி?

சில ஆயிரம் பதிவுகளுக்கு ஓப்பன்ரிஃபைன் நல்லது, இலவசம், தரவு நம் கணினியை விட்டு வெளியே போகாது. 2010ல் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கி, கூகுள் ரிஃபைன் ஆகி, 2012ல் ஓப்பன்ரிஃபைன் ஆனது. ஒத்த மதிப்புகளைக் குழுவாக்கும் அதன் கிளஸ்டர் வசதியில் "ஃபிங்கர்பிரின்ட்" முறை நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களை வரிசைப்படுத்தி ஒப்பிடும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறிய பெயர்களை அது அழகாகப் பிடிக்கும். ஒலி சார்ந்த முறைகளைத் தமிழ் எழுத்துக்கு விட்டுவிடுங்கள். லெவன்ஷ்டைனில் "பிளாக் சார்ஸ்" என்ற அளவு (ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பெயரிலும் பொதுவாக இருக்க வேண்டிய எழுத்துத் தொடரின் நீளம்) தொடக்கத்தில் 6 என்று இருக்கும், நம் சின்னப் பெயர்களுக்கு அதை 3 ஆகக் குறையுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், அந்த வசதி செல்லில் இருக்கும் மதிப்புகளைத்தான் ஒன்றாக்கும், வரிசைகளை இணைக்காது. இணைக்கும் வேலை நம்முடையது.

லட்சக்கணக்கில் பதிவு இருந்து, பைத்தான் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் ஸ்ப்ளிங்க் இருக்கிறது. பிரிட்டன் நீதி அமைச்சகம் உருவாக்கி இலவசமாக வெளியிட்டது, ஃபெலகி–சன்டர் கணக்கில் ஓடுவது. ஒவ்வொரு ஜோடிக்கும் எந்தப் புலம் எவ்வளவு மதிப்பெண் கூட்டியது, குறைத்தது என்று படமாகக் காட்டும். சரிபார்ப்பவருக்கு அந்தப் படம் பெரிய உதவி.

எந்தக் கருவியானாலும், ரத்த வகையும் போன் நம்பரும் உள்ள கோப்பை ஏதோ ஒரு இலவச இணையதளத்தில் ஏற்றிச் சுத்தம் செய்யாதீர்கள். ஆதார் எண்ணை டூப்ளிகேட் பிடிக்கும் சாவியாகச் சேகரிக்கவும் தொடங்காதீர்கள், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

படி 10: புதிய டூப்ளிகேட் நுழையும் வாசலை மூடுங்கள்

முகாமில் பதிவு செய்பவர் முதலில் தேட வேண்டும், பிறகுதான் புதிதாகச் சேர்க்க வேண்டும். தேடல் பெட்டி பெயரை எழுத்துக்கு எழுத்து தேடாமல், மேலே சொன்ன பெயர்ச்சாவியால் தேடட்டும். அவர் "லெட்சுமி" என்று அடித்தாலும் லக்ஷ்மி வந்து நிற்க வேண்டும். பிறந்த ஆண்டைக் கட்டாயப் புலமாக்குங்கள், இனிஷியலுக்குத் தனிப் பெட்டி வையுங்கள், போன் நம்பருக்குப் பக்கத்தில் "சொந்த நம்பரா, வீட்டு நம்பரா" என்று ஒரு கேள்வி சேருங்கள். வீட்டு நம்பர் என்று குறித்ததற்கு ஒப்பீட்டில் பாதி மதிப்பெண் போதும்.

ஒவ்வொரு முகாம் முடிந்ததும் புதிதாக வந்தவர்களை மட்டும் முதன்மைப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும், அது சின்ன வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானாக இணைந்தவற்றில் 50 ஜோடியைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கண்ணால் பாருங்கள். அதில் ஒன்று தப்பாக இருந்தாலும் வரம்பை உயர்த்திவிட்டு, அந்த விதியால் இணைந்த எல்லாவற்றையும் இணைப்பு அட்டவணையிலிருந்து எடுத்து மறுபடி நடுக்கூடையில் போடுங்கள்.